கைபேசியைச் சாய்த்து வைக்கச் சொன்ன மருத்துவருக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயா அவர்களுக்கும், அந்த வாரம் முழுவதும் எங்கள் குடும்பத்தோடு நின்ற வால்பாறை மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடிவயிற்றில் குடல் பிதுங்கும் குடலிறக்கத்துக்காக அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது எஸ்டேட்டில் எல்லோரும் அறிந்ததே என்பதால் அதை விரிவாக எழுதவில்லை. இப்போது அவர் நலமாக இருக்கிறார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்குப் போகும் ஆட்களை வாசலில் நிறுத்தி, கத்தியை எப்படித் தீட்ட வேண்டும் என்று யோசனை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். கேட்பவர்கள்தான் பாவம்.

ஐயா, அடிவயிற்றை நீளமாகக் கிழிக்காமல், 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள மூன்று சிறு துளைகளின் வழியே செயற்கை வலையை வைத்து, பலவீனமான தசைச் சுவரை நீங்கள் சரிசெய்த திறமையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் கோவையில் பலர் இருப்பார்கள். நான் நன்றி சொல்ல வந்தது, அப்பா வீடு திரும்பிய பிறகு ஒரு மழை இரவில் நீங்கள் காணொளி அழைப்பில் செய்த சின்னஞ்சிறு காரியம் ஒன்றுக்காக.

அறுவை சிகிச்சை நடந்த அதே பக்கத்தில் மறுபடி வீக்கம் தெரிந்ததும், குடலிறக்கம் திரும்ப வந்துவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், வழியில் யானை நிற்குமோ என்ற பயம், அத்தனையையும் மீறி வண்டியும் தயாராகிவிட்டது. கிளம்புமுன் உங்களை அழைத்தேன். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, வாயு பிரிகிறதா, வலி கூடிக்கொண்டே போகிறதா என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, வீக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அப்பா வேட்டி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் முதலில் வந்த வீக்கத்தை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்த மனிதர், மகள் கையில் கைபேசி இருக்கும்போது வேறென்ன செய்வார்?

நீங்கள் அவரை அதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "அம்மா, போனை எதன் மேலயாவது சாய்ச்சு வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வெளியே நில்லுங்க. ஐயாவும் நானும் பேசிக்கறோம்" என்றீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலின் மேல் அதைச் சாய்த்து வைத்தேன். விளக்கு பின்னால் இருக்கிறது, முன்னால் கொண்டுவாருங்கள், இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள் என்று எல்லாம் சரியாக அமையும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பின் அறைக்குள் நடந்ததை அப்பாவே பிறகு சொன்னார்: உங்கள் பக்கத்திலும் யாரும் இல்லை என்று, கேமராவைத் திருப்பி நான்கு சுவர்களையும் காலி நாற்காலிகளையும் அவருக்குக் காட்டினீர்களாம். அதன் பிறகே அவர் வேட்டியைத் தளர்த்தியிருக்கிறார். இடையில் சிக்னல் அறுந்தபோதெல்லாம் நீங்களே திரும்ப அழைத்தீர்கள்.

நிற்க வைத்து, இரும வைத்து, இரு விரல்களால் மெல்ல அழுத்தச் சொல்லிப் பார்த்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டீர்கள். இருமும்போது வீக்கம் புடைக்கவில்லை, தோல் சிவக்கவும் இல்லை. முன்பு குடல் இறங்கியிருந்த வெற்றிடத்தில் நீர் கோத்திருக்கிறது, அதை உடலே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும், யாரும் ஊசி போட்டு எடுக்க வேண்டாம் என்று விளக்கினீர்கள். வீக்கம் கல் போல இறுகினாலோ, வாந்தியோடு வலி கூடினாலோ நடுராத்திரியானாலும் இறங்கி வந்துவிட வேண்டும் என்றும், கைபேசியில் தெரிவதற்கு ஓர் எல்லை உண்டு, எனவே அடுத்த பரிசோதனைக்கு நேரில் வாருங்கள் என்றும் சொன்னீர்கள். அந்தக் கண்டிப்பே எங்களுக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது. நீங்கள் சொன்னபடியே வீக்கம் வடிந்துவிட்டது.

தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை நம் நாட்டில் 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டார்கள். நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. ஆனால் கேமராவைத் திருப்பிக் காலி அறையைக் காட்டு என்று எந்த விதியும் சொல்லித் தரவில்லை. கூச்சப்படும் ஒரு தோட்டத் தொழிலாளியைத் தனக்குச் சமமான மனிதராக நினைப்பவருக்கு மட்டுமே அது தோன்றும் என்று நினைக்கிறேன்.

கொட்டும் மழையில் வண்டியோடு காத்திருந்து, பயணம் இல்லை என்றானதும் காசு வாங்க மறுத்த அண்ணனுக்கும், கட்டுப் பிரிக்க வீடு தேடி வந்த செவிலியர் அக்காவுக்கும், காப்பீட்டுப் படிவங்களை அலுப்பில்லாமல் நிரப்பித் தந்த தம்பிக்கும், எனக்காகக் கூடுதலாக வேலை செய்த சக ஊழியர்களுக்கும், கஞ்சிக் குண்டானோடு வந்து நின்ற பக்கத்து லைன் வீட்டு அத்தைமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பாரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் வீக்கம் கண்டு, அப்பாவைப் போலவே வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரிபவர்கள் நம் லைன்களில் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவரோடு பேச விரும்பும் எவருக்கும் எங்கள் முன்னறையையும் கைபேசியையும் தர நானும் என் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். ஆண்கள் என்னிடம் சொல்லத் தயங்கினால் தம்பியிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் இருப்பான். அழைப்பை இணைத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவான்.