ஜெயித்தது டிஃபென்ஸ்தான்

டென்வர்
8 பிப்ரவரி 2016

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் சுகம். பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. நேற்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நம்ம டென்வர் பிராங்கோஸ் ஜெயித்துவிட்டார்கள்! 24-10.

எதிரணியைப் புள்ளி எடுக்க விடாமல் தடுக்கிற டிஃபென்ஸை ரசிப்பவன் கல்யாண வீட்டில் பந்தக்காலைப் பார்க்கிறவன் என்பாயே, நேற்று அந்தப் பந்தக்கால்தான்டா கல்யாணத்தையே நடத்தியது. எதிரணி பாந்தர்ஸ் லேசுப்பட்டவர்கள் இல்லை. சீசனில் ஒரே ஒரு தோல்வி, 500 புள்ளி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற அவர்களின் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனுக்கு முந்தின நாள்தான் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தார்கள். அவரை நம்ம டிஃபென்ஸின் வான் மில்லர் படுத்திய பாடு இருக்கிறதே! முதல் குவார்ட்டரில் பாய்ந்து கையிலிருந்தே பந்தைப் பிடுங்கினார். அது புள்ளி எடுக்கும் கோடிப் பகுதியான எண்ட் சோனுக்குள் உருள, நம்ம மாலிக் ஜாக்சன் மேலே விழுந்து நமக்கு டச்டவுன். கடைசியில் நாம் 16-10 என்று முன்னால், இன்னும் நாலு நிமிஷம்தான். மறுபடியும் மில்லர், எறியப் போன கையைத் தட்டிவிட்டார். பந்து தரையில் கிடக்கிறது, நியூட்டன் அதன்மேல் பாயவில்லை. பயம் என்று ஊரே பேசுகிறது. நான் சொல்ல மாட்டேன். அன்று முழுக்க அடி வாங்கிய உடம்பு அது.

பந்தை முன்னே கொண்டுபோகிற நம்ம ஆஃபென்ஸ் முன்னேறியது மொத்தமே 194 கெஜம். இவ்வளவு குறைவாக எடுத்து சூப்பர் பவுல் ஜெயித்தவர்களே கிடையாது. நம்ம குவார்ட்டர்பேக் மேனிங்குக்கு 39 வயது, எறிகிற பந்தில் பழைய வேகம் இல்லை. பார்க்க மனசு கேட்கவில்லை.

2014-ல் செல்வம் வீட்டில் பார்த்தோமே, சூப்பர் பவுலில் நாம் தோற்ற அந்த 43-8? சீசனில் 606 புள்ளி எடுத்த அணி நம்மது! முதல் பந்தே மேனிங் தலைக்கு மேல் பறந்து, 12 நொடியில் மானம் போனது. சியாட்டில் டிஃபென்ஸிடம் அப்படி உதை வாங்கிய அடுத்த மாதமே நம்ம அணியின் நிர்வாகி எல்வே டிஃபென்ஸுக்கு வேர், தலீப், வார்டு மூவரையும் கூட்டிவந்தார். நேற்று மில்லர் தட்டிவிட்ட அந்தப் பந்தை எடுத்தது வார்டுதான்.

அப்புறம், டிஃபென்ஸ் பயிற்சியாளர் வேட் பிலிப்ஸ். 2014 முழுக்க வேலையில்லாமல் இருந்தவர், 67 வயதில் டென்வர் கூப்பிட்டது. அவரைத் திரையில் காட்டும்போதெல்லாம் எனக்குச் செல்வம் ஞாபகம்தான். நவம்பரில் அவனுக்கு வேலை போய்விட்டது, மூர்த்தி. யாரிடமும் சொல்லவில்லை. நேற்று ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது ஃபோனும் எடுப்பதில்லை. நீ பேசினால் எடுப்பான். இந்த வாரமே பேசு.

நாளை இங்கே வெற்றி ஊர்வலம். காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

அன்புடன்,
ரவி