தண்ணீருக்கும் ஒரு முற்றம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. வேலை கழுத்தை நெரித்தது, கோபித்துக்கொள்ளாதே. கால்வலி தேவலையா? மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை.

போன மாதம் ஸ்வீடனில் மால்மோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே ஆகஸ்டன்போர்க் என்று ஓர் அரசுக் குடியிருப்பு, 1950 வாக்கில் கட்டியது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போனதால், பெருமழை பெய்தால் தரைக்கு அடியில் இருக்கும் அறைகளில் சாக்கடை பொங்குமாம். 1998இல் வேலையைத் தொடங்கி, மழைநீரைத் தனியே பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் திறந்த வாய்க்கால், 10 குளங்கள், கூரைமேல் செடிகள். 2014 ஆகஸ்ட் 31 அன்று பேய்மழையில் நகரமே தத்தளித்தபோது இங்கே சேதம் சொற்பம்.

இப்போது நாங்களும் ஒரு குடியிருப்பின் முற்றத்தை மாற்றி அமைக்கிறோம். கணக்கு சின்னதுதான். அரை ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். 1000 சதுர மீட்டர் விளையாட்டுத் திடலை அரை மீட்டர் தாழ்த்தினால் அத்தனையும் அதில் அடங்கிவிடும். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் பந்து ஆடலாம், இறங்கும் படிகளில் பெரியவர்கள் உட்காரலாம். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் வடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான்.

வரைபடத்தை விரித்ததும், கீழ்வீட்டுப் பாட்டி ஒருத்தர் விரலை வைத்து, "இங்கேதானே நான் துணி காயப்போடுவேன்?" என்றார். அந்த இடத்தில்தான் நான் மழைத்தோட்டம், அதாவது மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம், போட்டிருந்தேன்! 'புல்லில் நடக்காதீர்கள்' பலகையை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே யாரும் போவதில்லை என்று நானாக முடிவு செய்திருக்கிறேன். தோட்டம் இப்போது நாலடி தள்ளிப் போய்விட்டது.

இன்னொரு கவலை. சாலைத் தண்ணீர் தோட்டத்துக்குள் இறங்க, ஓரக்கல்லில் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம். முந்தாநாள் சின்னத் தூறல்தான். நாலு சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அதை அடைத்துவிட்டன. குனிந்து கையால் எடுத்தேன், சளசளவென்று உள்ளே ஓடியது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், சருகு அள்ளுகிற ஆளுக்குச் சம்பளம் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சண்டைதான் இந்த வாரம். நீ பழைய கணக்கதிகாரி ஆயிற்றே, பராமரிப்புச் செலவை எந்தத் தலைப்பில் கேட்டால் வெட்டமாட்டார்கள்? சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்