கழுத்து தொங்காத ராட்செட்

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் என்று நினைக்காதே. வலது கை நடுவிரல் முட்டி வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை. போன வாரம் தங்கச்சியைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். நீ ஆவணியில் லீவுக்கு வருவதாகச் சொன்னது. ஷார்ஜாவில் இன்னும் அதே கேரேஜ்தானா? சாக்கெட் மாட்டி நட்டுக் கழற்றுகிற ராட்செட்டில் எதை வாங்குவது என்று நீ கேட்டிருந்த விஷயமும் என் விரல் வீங்கிய விஷயமும் ஒன்றுதான், அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு குட்டி யானை, டாடா ஏஸ் வண்டி, வேலைக்கு வந்தது. சீட்டைத் தூக்கினால் இன்ஜின். இரண்டே சிலிண்டர், 702 சிசி, பார்த்தால் பொம்மை மாதிரி. ஆனால் கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். மேனிஃபோல்டு நட் ஒன்று உள்பக்கமாக ஒளிந்திருந்தது. நான் எடுத்தது கழுத்து மடங்கும் ராட்செட், பூட்டு இல்லாதது. அதில் தலையைப் பிடித்து நிறுத்துவது கழுத்தில் இருக்கும் பின்னின் இறுக்கம் மட்டும்தான். வாங்கிய புதிதில் விறைப்பாக நின்றது, இரண்டு வருஷத்தில் கோழிக் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. நட்டுக்குக் கொண்டுபோவதற்குள் தலை தொங்கிவிடும். இடது கையால் தாங்கலாம், ஆனால் அந்தக் கைக்கு அங்கே ஏது இடம்? சரி என்று குருட்டாம்போக்கில் மாட்டி இழுத்தேன். தலை மடங்கி, சாக்கெட் வழுக்கி, விரல் நேரே பிராக்கெட்டில். சத்தம் கேட்டு எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பக்கத்துப் பட்டறையில் பூட்டு வைத்த ராட்செட் ஒன்று இருந்தது, வாங்கி வந்தேன். கழுத்து ஓரத்தில் சின்ன பட்டன். அதை அழுத்தித் தலையை வேண்டிய அளவு சாய்த்து விட்டால், உள்ளே பல்லில் பல் விழுந்து நின்றுவிடுகிறது. வெளியிலேயே சாய்வைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் உள்ளே விட்டேன். சாக்கெட் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், நட்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து பூட்டு இல்லாததைப் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

தலைக்குள் இருக்கும் சக்கரத்தில் 72 பல் உள்ளதை வாங்கவா, 120 பல் உள்ளதை வாங்கவா என்று கேட்டிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 72 பல் என்றால் ஒரு கிளிக்குக்கு 5 டிகிரி, 120 என்றால் 3 டிகிரி. 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனி முதலாவதில் 2.2 சென்டிமீட்டர் நகர வேண்டும், இரண்டாவதில் 1.3. நம் பழைய 24 பல்லுக்கு ஆறரை சென்டிமீட்டர்! அதிலிருந்து 72-க்கு வந்ததுதான் பெரிய தாவல். அதற்கு மேல் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இன்னொன்று, 120 என்று போட்டிருக்கும் சிலவற்றைப் பிரித்தால் உள்ளே 60 பல்தான் இருக்கும். பல்லைப் பிடித்து நிறுத்தும் நாக்குகள் இரண்டு மாறி மாறி விழுவதால் 120 கிளிக். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பல் பெரிதாக இருப்பதால் பலம் கிடைக்கும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதே.

கடையில் நின்று பார்க்க வேண்டியது வேறு. லேசாகத் திருகிய ஒரு நட்டில் மாட்டி, கைப்பிடியைத் திருப்பிக் கொண்டுவந்து பார். சில ராட்செட் கிளிக் அடிக்காமல் நட்டையும் கூடவே திருப்பிக்கொண்டு வரும். அது எத்தனை பல் இருந்தாலும் வீண். அப்புறம் பூட்டைப் போட்டுத் தலையைப் பிடித்து ஆட்டிப் பார். புதிதிலேயே லொடலொட என்றால் வைத்துவிட்டு வா. ஆன்லைனில் விலை மலிவாக ஒன்று வாங்கினேன், இரண்டே மாதத்தில் பூட்டுப் பல் தேய்ந்து, இழுக்கிறபோது தானாக விட்டுக்கொடுத்தது. பூட்டு இருக்கிறது என்று நம்பி முழு பலம் போடுகிற நேரத்தில் அது விட்டால், பூட்டே இல்லாததைவிட மோசம். பட்டனையும் எண்ணெய்க் கையோடு அழுத்திப் பார்க்கணும். அதற்காக எண்ணெயைக் கொண்டுபோகாதே, கடைக்காரன் சண்டைக்கு வருவான்.

ரொம்பச் சாய்த்தும் வேலை செய்யாதே. 15 டிகிரி சாய்த்தால் 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் நஷ்டம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 45-க்குப் போனால் அது 18 சென்டிமீட்டர் கைப்பிடியாகத்தான் இழுக்கிறது, சாக்கெட்டையும் நட்டிலிருந்து புரட்டப் பார்க்கும். நேர் 90-க்கு மடக்கிப் பூட்டினால் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி விரலாலேயே சுழற்றலாம், நீளமான போல்ட்டுக்கு அது சுகம்.

துருப்பிடித்த நட்டை முதலில் அசைக்கும் திருகுக்கு மட்டும் ராட்செட்டைத் தொடாதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதூர் ஐடிஐயில் வாங்கிய திட்டு இரண்டு பேருக்கும் பொதுதான். ஆனால் என் பையன் போன மாதம் ராட்செட் கைப்பிடியில் ஒரு முழம் பைப்பைச் சொருகி இழுத்தான். நாக்கு உடைந்து, இப்போது இரண்டு பக்கமும் சுற்றுகிறது. திட்ட நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் நம்மைப் பார்த்த மாதிரியே இருந்தது. பல்லும் நாக்கும் இல்லாத நீளக் கைப்பிடி, ஒரு பவர் பார் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, எனக்கு வாங்குவதானால் சாக்கெட் மாட்டும் இடம் மூன்று நூல் சதுரம், அதாவது 3/8 இன்ச், பூட்டு உள்ளது, 72 பல்லே போதும். அரை இன்ச்சில் வேண்டாம், தலை பருமனாகி அந்தக் குட்டி யானை சந்துக்குள் போகாது. காசு வந்ததும் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லித் தொலைக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடு. ஏர்போர்ட்டில் பிடுங்கி வைத்துக்கொண்டால் அவன் அதை வைத்து எந்த நட்டைக் கழற்றப் போகிறான்?

உன்
மாப்ளே