நீ எழுந்து நின்ற இடங்கள்

அன்புள்ள முரளி,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் குற்றம்தான். மூன்றாவதில் நீ பொழிந்திருந்த வசவுகளில் ஒன்றைக்கூட மறுக்கப்போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் மூவரும் விடாமல் நடத்திவரும் வழக்கில் நான் கட்சி மாறிவிட்டேன் என்பதை உனக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் படத்தின் முடிவு நீளமானதன்று. நம் மூன்றாமவன், படத்தின் தாடிக்காரக் குள்ளனுடைய பெயரைச் சுமக்கும் கிம்லி, சொன்னதே சரி.

இந்த வரியைப் படித்ததும் நீ இருக்கையை விட்டு எழுந்திருப்பாய். எழுவது உனக்குப் புதிதா? 2003 டிசம்பரில், தீய மோதிரம் நெருப்பில் கரைந்து, அதை அழிக்கச் சுமந்து வந்த ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் தீக்குழம்பு சூழ்ந்த பாறைமேல் சாய்ந்து கிடக்கத் திரை இருண்டபோது, கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு நீ எழுந்து நின்றாய். கழுகுகள் வந்தன, உட்கார்ந்தாய். (முதலிலேயே கழுகுமேல் ஏறிப் போயிருக்கலாமே என்று மறுபடியும் ஆரம்பித்துவிடாதே, அந்த வாதத்தை இனி ஆயுளுக்கும் கேட்பதாக இல்லை.) மினாஸ் டிரித் நகரில் ஃப்ரோடோ கண்விழித்து, நண்பர்கள் ஒவ்வொருவராக வாசலில் தோன்றிச் சிரித்து முடித்ததும் எழுந்தாய். அரகார்ன் அரசனாக முடிசூடி, ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்ற நான்கு ஹாபிட்டுகளின் (அந்தச் சிற்றுருவ மக்களின்) முன்னால் கூடியிருந்த மொத்தக் கூட்டமும் மண்டியிட்டதும் எழுந்தாய். பின்வரிசைக்காரர் உன்னிடம் சொன்னதை இங்கே எழுத இயலாது. மொத்தம் ஐந்து முறை என்பது என் கணக்கு. ஆறு என்று கிம்லி இன்றும் சாதிக்கிறான்.

அன்று நானும் உன் பக்கம்தான். மூன்று மணி இருபத்தொரு நிமிடம் ஓடும் படத்தை அந்த மண்டியிடலோடு முடித்திருக்க வேண்டும், மிச்சமெல்லாம் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தம் பாத்திரங்களைப் பிரிய மனமில்லாமல் இழுத்த இழுவை என்று எத்தனை இரவுகள் வாதாடியிருப்பேன்! அந்தப் படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றபோது, “முடிவுக்கு ஒன்று வீதம் கொடுத்திருக்கிறார்கள்” என்று நீ சொன்னதை இத்தனை காலமும் என் சொந்தச் சரக்கைப் போலப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

சென்ற மாதம் மூன்று படங்களையும் நீட்டிக்கப்பட்ட பதிப்பில், இரவுக்கு ஒன்றாக, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பகுதி இன்னும் உறுதியாக நிற்கிறது. ஃப்ரோடோவின் முதிய உறவினர் பில்போவின் வீட்டில் நெட்டை மந்திரவாதி காண்டால்ஃபும் குட்டையான ஹாபிட்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகிறார்களே, அது கணினியின் வேலையன்று. ஒருவர் கேமராவுக்கு அருகிலும் மற்றவர் தொலைவிலுமாக உட்கார, இரண்டாகப் பிரிந்த மேசை கேமராவின் நகர்வுக்கு ஈடாக நகர்ந்து, நம் கண்ணை ஏமாற்றியது. அறிந்த பின்பும் கண் ஏமாறத்தான் செய்கிறது. ஆனால் மூன்றாம் படத்தில் மினாஸ் டிரித்தின் முன்னால் நடக்கும் பெலன்னார் போரைத் துடைத்துவிட்டுப் போகும் அந்தப் பச்சை ஆவிப்படையை இப்போதும் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் ஆவிகள் கப்பல்களைக் கைப்பற்ற உதவுவதோடு விடைபெற்றுவிடும். போரை உயிருள்ள மனிதர்களே வென்றாக வேண்டும். படத்திலோ, அரசர் தியோடனும் அவருடைய குதிரைவீரர்களும் உயிரைக் கொடுத்துச் செய்ததை அந்தப் பச்சை வெள்ளம் ஒரு நிமிடத்தில் சிறுமைப்படுத்திவிடுகிறது. இந்த ஒரு புள்ளியில் நான் கட்சி மாறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முடிசூட்டுக்குப் பிறகு ஹாபிட்டுகள் நால்வரும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள் அல்லவா? நீ அநேகமாக நின்றுகொண்டே பார்த்த காட்சி அது. பழைய மதுக்கடை, பழைய கூட்டம், பழைய கூச்சல். யாரோ ஒருவர் கொண்டுவந்த பெரிய பூசணிக்காயைச் சுற்றி ஊரே வியந்து நிற்கிறது. நால்வரும் ஒரு மேசையில் குவளைகளோடு அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வசனமும் இல்லை. உலகம் அழியாமல் இருப்பதற்கு இவர்கள்தான் காரணம் என்பது அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலும் பூசணிக்காயைவிட அது பெரிதாகத் தோன்றப்போவதில்லை.

நாவலில் ஷயர் சூறையாடப்பட்டுக் கிடக்க, இவர்கள் திரும்பி வந்து போராடி மீட்பார்கள். படத்தில் அந்தப் பகுதியை எடுக்கவில்லை. முதல் படத்தில் எல்ஃப் அரசி கலாட்ரியலின் மாய நீர்க்கண்ணாடியில் ஒரு சாயலாக மட்டும் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அதைக் கோழைத்தனமான வெட்டு என்று நான் திட்டியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எரிந்துபோன ஊருக்குத் திரும்புகிறவனுக்கு, தன் உள்ளே எரிந்ததைச் சுட்டிக்காட்ட வெளியே சாம்பலாவது இருக்கும். ஒரு செங்கல்கூட இடம்மாறாத ஊருக்குத் திரும்பிய ஃப்ரோடோ எதைச் சுட்டிக்காட்டுவான்? ஒரு விரல் குறைந்த கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காரணம் கேட்டாயே, முரளி. சென்ற ஆண்டின் பெரும்பகுதியை நான் மருத்துவமனைக்கும் படுக்கைக்கும் இடையில் கழித்தேன். நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பதறாதே, இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், எல்லாம் சீராக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஆனால் எழுதினால் நீ கிளம்பி வந்துவிடுவாய், வந்தால் நான் உன் முன்னால் அழுதுவிடுவேன் என்ற அச்சத்தில் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதே பிறகு எழுதாமலிருக்கக் காரணமாகிவிட்டது. திரும்பிப் போன முதல் நாள் அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு புதிய இருக்கை ஏற்பாட்டுக்குத் தாவிவிட்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நானும் அந்த ஏற்பாட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொன்னேன். அன்றிரவு படுக்கையில்தான் அந்த மதுக்கடைக் காட்சி நினைவுக்கு வந்தது. அதற்காகவே மூன்று படங்களையும் எடுத்துப் போட்டேன்.

முதல் படத்தில் வெதர்டாப் குன்றில் கத்திக்குத்துப் பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியும் காயம் முழுமையாக ஆறவில்லை என்று, புத்தகத்தை எழுதி முடித்த ஃப்ரோடோ தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வதை முன்பு நாம் கவனித்தோமா? நான் கவனிக்கவில்லை. நாவலை எழுதிய டோல்கீன் 1916 இல், முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918 க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் இறந்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாவலில் மெர்ரிக்கும் பிப்பினுக்கும் கிடைக்கும் புகழில் சிறுபங்குகூட ஃப்ரோடோவுக்கு அவன் ஊரில் கிடைப்பதில்லை. அதைப் பார்த்து சாம் வருந்துகிறான். படத்தின் அந்த ஊமைக்காட்சி நாவலை விட்டு விலகியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு.

ஃப்ரோடோ நண்பர்களைப் பிரிந்து கப்பலேறும் துறைமுகக் காட்சியைப் பற்றி ஒரு செய்தி உனக்கு மிகவும் பிடிக்கும். அதை மூன்று முறை எடுத்தார்களாம். முதல் முறை, உணவு இடைவேளைக்குப் பிறகு சாமாக நடித்த ஷான் ஆஸ்டின் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத அங்கியை மாட்ட மறந்துவிட்டார். இரண்டாம் முறை எடுத்த படம் மங்கலாக வந்துவிட்டது. ஆக, ஹாபிட்டுகள் நால்வரும் அந்தப் பிரிவை மூன்று தடவை முழுமையாக அழுது தீர்க்க வேண்டியிருந்தது. ஐந்து முறை எழுந்து உட்கார்ந்த நீ அவர்களுக்கு ஒன்றும் சளைத்தவன் அல்லன்.

கப்பலேறியபின் ஃப்ரோடோ ஒருமுறை திரும்பிப் புன்னகைக்கிறான். முதல் படத்தின் தொடக்கத்தில் காண்டால்ஃபின் வண்டியை எதிர்கொண்டு ஓடிவந்த பையனுடைய முகம் ஒரு கணம் அங்கே தெரிகிறது. அவனருகே இருக்கும் முதியவர் பில்போவாக நடித்த இயன் ஹோம் 2020 இல் மறைந்துவிட்டார். இறுதிப் பாடலுக்கு உந்துதலாக இருந்தவர்களில் ஒருவர், புற்றுநோயால் பதின்ம வயதிலேயே இறந்துபோன நியூசிலாந்து இளம் இயக்குநர். இவையெல்லாம் முன்பே தெரிந்தவைதான். ஆனாலும் பாடல் ஒலிக்கத் தொடங்கியபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. சாம் வீட்டுவாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்கிறானே, அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் அழுதிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தை ஆஸ்டினின் சொந்த மகள்.

கிம்லியிடம் இதில் ஒன்றையும் இன்னும் சொல்லவில்லை. நோயையும் சொல்லவில்லை, கட்சி மாற்றத்தையும் சொல்லவில்லை. முன்னதைக் கேட்டு அவன் திட்டுவதைத் தாங்கிக்கொள்வேன். பின்னதைக் கேட்டு அவன் தாடியைத் தடவிக்கொண்டு மௌனமாகச் சிரிப்பதைத்தான் தாங்க முடியாது. ஆகவே இரண்டையும் நீயே சொல்லிவிடு. வரும் டிசம்பரில் இருவரும் வாருங்கள். நீட்டிக்கப்பட்ட பதிப்பையே பார்ப்போம். அதில் படம் முடிந்த பிறகும் இரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடும். அவற்றில் கடைசிப் பெயர் மறையும் வரை உன் செருப்பு என் பீரோவுக்குள் பூட்டியிருக்கும்.

என்றும் அன்புடன்,
கண்ணன்