பிலிப் போயிட்: கடைசியாக வந்தவரின் மீதிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குளிர்கால ஒலிம்பிக்கின் சுவையான சம்பவங்கள் என்று ஒரு பக்கம் தொகுத்திருந்தீர்கள். அதில் கென்யாவின் பிலிப் போயிட்டுக்கு ஆறு வரி. 1998இல் ஜப்பானின் நாகானோவில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில், அதாவது காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனிமேல் நெடுந்தூரம் போகும் போட்டியில், கடைசியாக வந்தார். தங்கம் வென்ற நார்வேக்காரர் பியோர்ன் டேலி எல்லைக்கோட்டில் இருபது நிமிடம் காத்திருந்து அவரைத் தழுவிக்கொண்டார். போயிட் தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். அநேகமாக எல்லாம் சரி. ஆனால் மேலே தலைப்பு 'பனியில் தடுமாறிய ஒட்டகம்' என்று இருந்தது. போயிட்டின் ஊரான எல்டோரெட் ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, போகட்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நின்றவன் நான். எந்தப் போட்டியின் கதையைக் கேட்டாலும் நேரம் என்ன என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்த 10 கிலோமீட்டர் தூரத்துக்கு டேலி எடுத்துக்கொண்டது 27 நிமிடம் 24.5 விநாடி. போயிட் எடுத்துக்கொண்டது 47 நிமிடம் 25.5 விநாடி. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சரியாக இரண்டு நிமிடம் அதிகம். சிரிக்க வேண்டுமானால் இதை வைத்துச் சிரிக்கலாம். ஆனால் போயிட்டின் கணக்கைத் தனியாகப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 44 விநாடி. வெறும் மண் தரையில், நல்ல ஷூ மாட்டிக்கொண்டு, பத்து கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓடி முடிக்கக்கூடிய மாணவர்கள் என் பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். இவர் அதைச் செய்தது ஈரத்தில் ஊறிக் கனத்துப்போன பனியில், ஏற்றமும் இறக்கமுமான பாதையில். அதுவும் பனி என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த இரண்டே ஆண்டுகளில்.

இருபது நிமிடம் காத்திருந்தார் என்பதிலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அந்தப் போட்டியில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. அரை நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். இருபது நிமிடம் என்பது இருவரின் நேரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். கோட்டருகே டேலி நின்ற நேரம் வேறு கணக்கு. பதக்கம் வழங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு அவர் நின்றார் என்பது நடந்ததுதான். அவருடைய பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை.

என் குறை வேறு. இந்தக் கதையை யார் எழுதினாலும் அது டேலியின் கதையாகிவிடுகிறது. பெரியவர் ஒருவர் குனிந்து சிறியவரைத் தூக்கிவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். போயிட் அதற்கு முன்னால் யார், அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்பார் இல்லை.

முன்னால் அவர் 800 மீட்டர் ஓட்டக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அதே 800 மீட்டரில் வெண்கலம் வாங்கிய மைக் போயிட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேறு நாட்டில் பிறந்திருந்தால் தேசிய அணியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருப்பார்கள். கென்யாவில் அந்த வரிசை மிக நீளம். 1996இல் நைக்கி நிறுவனத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டத்துக்குப் பேர்போன நாட்டிலிருந்து இருவரை அழைத்துப்போய்ப் பனியில் விட்டால் என்ன ஆகும்? போயிட்டும் ஹென்ரி பிடோக் என்பவரும் பின்லாந்துக்குப் போனார்கள். இது விளம்பர வேலைதான், மறுப்பதற்கில்லை. அப்போதே பலர் அதைச் சொல்லி முகம் சுளித்தார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விளம்பரம் நிறுவனத்துடையது, கால்கள் போயிட்டுடையவை.

இங்கே கொஞ்சம் தொழில் பேச அனுமதியுங்கள். நல்ல மூச்சு இருக்கிறது, கால் பலம் இருக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டக்காரனுக்கு நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: பாதம் தரையில் பட்டதும் எடுத்துவிடு. பனிச்சறுக்கில் அதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். உடம்பின் எடை முழுவதையும் ஒற்றைக் காலில் இறக்கிவிட்டு, அந்தக் கால் தானாகவே வழுக்கிக்கொண்டு போகிற வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மறு காலை வைத்தால் சறுக்கு அங்கேயே செத்துவிடும். நாகானோவில் அவர் போட்டியிட்ட பழைய பாணியில் பனியில் இரண்டு இணையான தடம் வெட்டியிருப்பார்கள். பலகைகள் அதற்குள்ளேயே ஓட வேண்டும். பலகையின் நடுப்பகுதி வில் போல மேலே வளைந்திருக்கும். அந்த இடத்தில் பிடிமானத்துக்கென்று ஒரு மெழுகு தடவுவார்கள். காலை அழுத்தினால் மெழுகு பனியைப் பற்ற வேண்டும், அழுத்தம் தளர்ந்தால் விட்டுவிட வேண்டும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி, பனி ஈரமாக இருக்கும் நாளில் இந்த மெழுகு எந்தப் பக்கமும் சேராது. ஒன்று பிடிக்காமல் வழுக்கும், இல்லாவிட்டால் பனியை அப்பிக்கொண்டு பலகையைத் தூக்கவே விடாது. தொட்டில் பருவத்திலிருந்து சறுக்கியவர்களே திணறுவார்கள். போதாக்குறைக்குக் கைக்கம்புகளை ஊன்றித் தள்ளத் தோளும் முதுகும் வேண்டும். 800 மீட்டர்க்காரனுக்கு அங்கே சதையே இருக்காது.

இத்தனையையும் 24 வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு, அன்று முடித்த 92 பேரில் 92ஆவதாக வந்தார். பாதியில் விலகியவர்களும் இருந்தார்கள் என்பதை உங்கள் ஆறு வரி சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நைக்கியின் ஆதரவு நீடிக்கவில்லை. படம் எடுத்தாகிவிட்டது, தழுவலும் உலகம் முழுக்க வந்தாகிவிட்டது. புத்திசாலி அத்தோடு ஊருக்குத் திரும்பி, அந்த ஒரு படத்தை வைத்துக் காலம் தள்ளியிருப்பான். போயிட் விடவில்லை. எல்டோரெட்டில் பனிக்கு எங்கே போவது? சக்கரம் பூட்டிய பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் பயிற்சி செய்தார். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் இரண்டு கையிலும் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு வளர்ந்த மனிதர் சாலையில் போகிறார். பார்த்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கிலும், 2006இல் 34 வயதில் டூரின் ஒலிம்பிக்கிலும் மறுபடி வந்து நின்றார். 2010 வான்கூவருக்கும் முயன்று, தகுதி பெற முடியாமல் போனது. ஒரு வேடிக்கைக்காக வந்த ஆள் இத்தனை ஆண்டுகள் நிற்பானா? அவருக்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்கில் கென்யா சார்பில் இன்னொருவர் வர 2018 ஆயிற்று. மலைச்சரிவில் இறங்கும் சறுக்கில் வந்த சப்ரினா சிமாடர் ஆஸ்திரியாவில் பனிக்கு நடுவே வளர்ந்த பெண்.

இவ்வளவு கோபமாக எழுதுகிறேனே, நான் மட்டும் யோக்கியனா? எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் நடக்கும். முதல் மூவர் வந்ததும் ஒலிபெருக்கியில் பெயர் அறிவிப்போம், அடுத்த போட்டிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். ஒரு வருடம், கடைசிச் சுற்றில் இன்னும் ஒரு பையன் ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டு எறிதலுக்கு வட்டம் போடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். அவன் சுண்ணாம்புத் தூளைத் தாண்டி வந்து, கோடு எங்கே சார் என்று கேட்டான். அவன் நேரத்தை நான் குறிக்கவில்லை. கையில் இருந்த ஸ்டாப்வாட்சை அப்போதே நிறுத்தியிருந்தேன்.

உங்கள் தொகுப்பில் இன்னொரு சம்பவமும் இருந்தது. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் 15 கிலோமீட்டர் போட்டி. விலா எலும்பு உடைந்த நிலையிலும் ஓடி முடித்துக் கடைசியாக வந்த பெரு நாட்டு ராபர்ட்டோ கார்செலெனை, அவருக்கு முன்னால் முடித்திருந்த நேபாளத்தின் தாச்சிரி ஷெர்பாவும் தங்கம் வென்ற சுவிஸ் வீரர் டாரியோ கொலோன்யாவும் நின்று வரவேற்றார்கள். கார்செலென் 87ஆம் இடம், ஷெர்பா 86ஆம் இடம். நல்லது. 85ஆம் இடத்தில் யார் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி மேலே பார்த்திருக்கக் கூடாதா? நதீம் இக்பால். இந்திய ராணுவ வீரர். தொடக்க விழாவில் நம்மவர்கள் தேசியக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்த ஒலிம்பிக் அது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மீது தடை இருந்தது. தடை நீங்கிய மூன்றாம் நாள் நதீம் இக்பால் இந்தியர் என்ற பெயரிலேயே அந்தப் பனியில் இறங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத் தென் கொரியாவின் பியோங்சாங்கில் ஜெகதீஷ் சிங்கும் இதே கிராஸ் கன்ட்ரியில் 15 கிலோமீட்டர் போனார்.

இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே கூடாது, ஒலிம்பிக் என்ன தர்மசத்திரமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது தகுதிப் புள்ளி முறை இருக்கிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்க்கப் பனியில்லாத நாட்டுக்காரர்கள் சொந்தச் செலவில் நாடு நாடாக அலைய வேண்டியிருக்கிறது. டோங்கா தீவின் பீட்டா டௌஃபடோஃபுவா 2018க்காகக் கடைசி நேரத்தில் ஐஸ்லாந்து வரை போய்த்தான் தகுதியை எட்டிப்பிடித்தார். சத்திரத்தில் சாப்பிட இவ்வளவு செலவு ஆகாது.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக் வரும்போது இதே போல ஒரு பக்கம் தொகுப்பீர்கள் என்று நம்புகிறேன். நதீம் இக்பாலுக்கும் அதில் ஆறு வரி ஒதுக்குங்கள். நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். தலைப்பில் ஒட்டகம் வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஆரணி.