30 டாலர் சலுகை போன பிறகு வீட்டு இணையத்துக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் குறைத்துத் தந்த ஏசிபி திட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதி முடிந்துபோனது. 2.3 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. அமெரிக்கத் தமிழர் என்றாலே மென்பொருள் சம்பளம் என்று நினைக்கிறோம். மணிக்கூலிக்குக் கடையில் நிற்பவர்களும், எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவிப் பணத்தில் மாதத்தை ஓட்டும் முதியவர்களும் நம்மிலேயே இருக்கிறார்கள். சலுகை நின்றதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இன்னும் கிடைப்பது என்ன, அதை வாங்கப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத் தமிழில் யாராவது எழுதியாக வேண்டும்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். ஏசிபியும், போன் அல்லது இணையக் கட்டணத்தில் சலுகை தரும் இன்னொரு அரசுத் திட்டமான லைஃப்லைனும் ஒன்றல்ல. ஏசிபிக்கு 2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் ஒரே தடவையாக 1,420 கோடி டாலர் ஒதுக்கியது. அது தீர்ந்தது, திட்டமும் தீர்ந்தது. மேலும் 700 கோடி டாலர் ஒதுக்கச் சொன்ன மசோதா நிறைவேறவில்லை. லைஃப்லைன் 1985-இலிருந்து நடக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டும் யுனிவர்சல் சர்வீஸ் நிதியிலிருந்துதான் அதற்குப் பணம் வருகிறது. அந்த நிதி சட்டப்படி செல்லும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே "எல்லாம் நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "ஏசிபியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், கட்டணம் கட்டு" என்பவரை அறவே நம்ப வேண்டாம். லைஃப்லைனுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

லைஃப்லைன் தருவது மாதம் 9.25 டாலர்தான். ஏசிபியில் இருந்தவர்களில் எல்லோருக்குமே அது கிடைத்துவிடாது. ஏசிபியின் வருமான வரம்பு வறுமைக் கோட்டின் 200 சதவீதம். லைஃப்லைனுக்கு 135 சதவீதம். 2025 கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு முன்னது 64,300 டாலர், பின்னது சுமார் 43,400 டாலர். பள்ளி மதிய உணவு, விக் (தாய்-சேய் உணவு உதவி), பெல் கிராண்ட் (கல்லூரி உதவித்தொகை) ஆகியவற்றைக் காட்டி ஏசிபியில் சேர்ந்தவர்கள் அவற்றையே காட்டி லைஃப்லைனுக்குப் போனால் மறுப்புதான் வரும். ஸ்நாப் (உணவு உதவி), மெடிகெய்ட் (அரசு மருத்துவ உதவி), எஸ்எஸ்ஐ, அரசு வீட்டு உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் வருமானத்தை நிரூபிக்க வேண்டும்.

விண்ணப்பம் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை) என்று முதற்பெயராக விழுந்துவிடும். ஒரு அட்டையில் எஃப்என்யூ, இன்னொன்றில் அப்பா பெயர், மெடிகெய்ட் கடிதத்தில் இனிஷியல் என்று மூன்று ஆளாக நிற்போம். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் கணினி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் எண்) கடைசி 4 இலக்கத்தையும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து "அடையாளம் உறுதியாகவில்லை" என்று சொல்லிவிடும். அது இறுதி மறுப்பல்ல. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பெயரைப் போட்டு, அடையாள ஆவணத்தின் படத்தையும் பதிவேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது முகவரி. அடுக்குமாடி வீட்டு எண்ணை விட்டுவிட்டாலோ, அஞ்சல் பெட்டி எண்ணை வீட்டு முகவரியாகக் கொடுத்தாலோ நின்றுபோகும்.

சான்றாக மெடிகெய்ட் அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பலர். அட்டையில் பெரும்பாலும் தேதி இருக்காது. பெயர், திட்டத்தின் பெயர், கொடுத்த அலுவலகம், கடந்த 12 மாதத்துக்குள்ளான தேதி (அல்லது இனி வரப்போகும் காலாவதித் தேதி) ஆகிய நான்கும் உள்ள ஒப்புதல் கடிதமே வேண்டும். வருமானம் என்றால் போன ஆண்டு வரிப் படிவம், அல்லது தொடர்ந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள். சந்தேகம் இருந்தால் லைஃப்லைன் உதவி எண் 1-800-234-9473.

ஒரு குடும்பத்துக்கு ஒரு லைஃப்லைன்தான். அதைச் செல்போனுக்கு எடுத்துவிட்டால் வீட்டு இணையத்துக்கு இல்லை. இலவசப் போன்கள் மாதம் 4.5 ஜிபி டேட்டா அளவுக்குத் தந்தாலே விதி நிறைவேறிவிடும். நல்ல தரத்தில் ஒன்றரை மணி நேரப் படம் பார்த்தால் அது காலி. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் வீட்டு இணைப்பில் சேர்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் வீட்டு இணைய நிறுவனங்கள் எல்லாமே லைஃப்லைனை ஏற்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வீட்டை இரண்டு குடும்பம் பகிர்ந்து, வரவு செலவு தனித்தனியாக இருந்தால் இரண்டு குடும்பமும் தனித்தனியே வாங்கலாம். அதற்கு ஒரு கூடுதல் படிவம் உண்டு.

முதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாதக் கட்டணமே இல்லாத லைஃப்லைன் போனை 30 நாள் தொடாமல் வைத்திருந்தால் அறிவிப்பு வரும். அதிலிருந்து 15 நாளில் துண்டித்துவிடுவார்கள். ஊருக்குப் போய் நான்கு மாதம் தங்கும் பெற்றோருக்கு இது நேர்கிறது. ஆண்டுதோறும் தகுதி மறுஉறுதிக்கான கடிதமும் வரலாம். 60 நாளுக்குள் பதில் போட வேண்டும். அந்த உறை விளம்பரம் மாதிரி இருக்கும், குப்பைக்குப் போய்விடும்.

இனி உண்மையில் பெரிய மிச்சம் தரும் வழி: நிறுவனங்களே நடத்தும் குறைந்த வருமானத் திட்டங்கள். காம்காஸ்டின் இன்டர்நெட் எசென்ஷியல்ஸ், ஸ்பெக்ட்ரமின் இன்டர்நெட் அசிஸ்ட், ஏடி அண்ட் டியின் ஆக்சஸ், ஆப்டிமத்தின் அட்வான்டேஜ் இன்டர்நெட், காக்ஸின் கனெக்ட் டு கம்பீட் ஆகியவை. பொதுவாக மாதம் 10 முதல் 30 டாலர் வரை. போனில் "மலிவான திட்டம் எது" என்று கேட்டால் தள்ளுபடி முடிந்ததும் ஏறும் திட்டத்தைத்தான் விற்பார்கள். மேற்படி பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நிபந்தனையும் ஆளுக்கொன்று: காக்ஸுக்குப் பள்ளி செல்லும் பிள்ளை வேண்டும், சிலர் மதிய உணவுத் தகுதியை ஏற்பார்கள். லைஃப்லைன் மறுத்த குடும்பத்துக்கு இந்தக் கதவு திறக்கலாம்.

இங்கேதான் வரிசை முக்கியம். சில திட்டங்கள் கடந்த 30 அல்லது 90 நாளில் அதே நிறுவனத்தில் இணைப்பு இல்லாதவருக்கு மட்டுமே. ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவரை மாற்றுவார்களா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அதற்குமுன் பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். பழைய பாக்கி இருந்தாலும் தடை வரலாம். இடைவெளி தவிர்க்க முடியாது என்றால், பல பொது நூலகங்கள் ஹாட்ஸ்பாட் என்ற கையடக்க வைஃபை கருவியைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன. காத்திருப்போர் பட்டியல் இருக்கும், முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் இது நிறுவனத்தின் தயவல்ல, சட்டம். 2025 ஜனவரி 15 முதல், தகுதியுள்ள குடும்பத்துக்கு 25 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) இணைப்பை மாதம் 15 டாலருக்கு அல்லது 200 எம்பிபிஎஸ் இணைப்பை 20 டாலருக்குத் தந்தாக வேண்டும். மாதாமாதம் வரும் வரியும் கருவி வாடகையும் அதற்குள்ளேயே அடக்கம். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஸ்நாப், மெடிகெய்ட், பள்ளி மதிய உணவு, முதியோர் வாடகை உயர்வு விலக்கு எல்லாம் தகுதியே. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். ஒதுக்கீடு தீர்ந்தால் அணைந்துபோகும் மானியத்தைவிட இது உறுதியானது.

எந்தத் திட்டமும் தகையாதவர்கள் பில்லைக் கையில் எடுக்கட்டும். 2024 முதல் நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் "பிராட்பேண்ட் ஃபேக்ட்ஸ்" என்ற சீட்டைக் காட்ட வேண்டும், உணவுப் பொட்டலத்தின் சத்து அட்டவணை போல. அதில் மாத விலைக்குக் கீழே அது அறிமுக விலையா, எத்தனை மாதத்துக்கு, பிறகு எவ்வளவு என்று இருக்கும். மோடம் வாடகை 15 டாலர் என்றால் ஆண்டுக்கு 180. நிறுவனம் ஏற்கும் பட்டியலில் உள்ள மோடத்தை 90 டாலருக்குச் சொந்தமாக வாங்கினால் ஆறு மாதத்தில் ஈடாகிவிடும். குறைந்த வருமானத் திட்டங்களில் மோடம் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அதற்கு வாங்காதீர்கள். பழைய மோடத்தை அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாமல் போனால் கருவியின் விலையைக் கடன் பாக்கியாகக் காட்டிக் கடன் வசூல் நிறுவனம் வரை போகலாம். நான்கு பேர் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் போதும். ஆயிரம் எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் பெற்றோர் வாசலில் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேசை போட்டு, ஆங்கிலப் படிவம் பழகிய ஒருவர் உட்கார்ந்து, வருகிறவரின் இணைய பில்லையும் ஒப்புதல் கடிதத்தையும் பார்த்துச் சொன்னால் மேலே சொன்னதில் பாதி அன்றைக்கே முடிந்துவிடும். பள்ளிகளை நடத்துவோர் இதைப் பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே, மதிய உணவுப் படிவம் வரும் வாரத்திலேயே, செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து வாசகர்கள் சிலர்