கேரவன் இரவில் எங்கே நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கேரவன் வண்டி எடுத்துக்கொண்டு குடும்பத்துடன் மலைக்குப் போய்வருவது குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விடுதி அறை தேடி அலைய வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம், வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிடலாம் என்று அதில் மூன்று வசதிகள் சொல்லப்பட்டிருந்தன. முதல் இரண்டும் நம் மலைகளில், அதுவும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில், நடைமுறையில் இல்லை என்பதைப் போய்வந்து பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்றாவது உண்மைதான், சமைத்தோம், சாப்பிட்டோம்.

நான் குரோம்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளன். சென்னைவாசிகளுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பு நடக்கும் தெருவில் ஜெனரேட்டர் இரைச்சலுடன் நிற்கும் நடிகர் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது அதைவிடச் சிறிய வண்டிகள், கட்டில், கழிவறை, சிறு அடுப்படி எல்லாம் வைத்து, ஓட்டுநருடன் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நானும் மனைவியும் மகனும் மருமகளும் பேத்தியுமாக ஐந்து பேர், ஏழு மீட்டர் நீளமுள்ள அப்படிப்பட்ட ஒரு வண்டியில் நீலகிரிக்குப் புறப்பட்டோம். திட்டமிடுவதில் நான் குறை வைப்பவன் அல்லன். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி வழியாக எங்கே சாப்பாடு, எங்கே டீசல் என்பது வரை தாளில் எழுதி வைத்திருந்தேன். மேட்டுப்பாளையத்துக்கு மேலே இரவில் வண்டி எங்கே நிற்கும் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. வண்டியே வீடாயிற்றே, வீட்டுக்கு எதற்கு இன்னொரு வீடு என்று நினைத்துவிட்டேன்.

இ-பாஸ் முறையைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகியவற்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இன்னும் கடுமையாக இருந்தாலும் வரவேற்பேன். ஆனால், பாஸ் கையில் இருந்தால் இடமும் இருக்கிறது என்று பொருள் அல்ல. காரில் போகிறவர் விடுதியில் அறை எடுக்கிறார், அறையுடன் கார் நிறுத்த இடமும் கிடைத்துவிடுகிறது. கேரவனோ சாலையில் ஒரு வாகனமாகவும், நின்ற இடத்தில் தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீர் வழியும் வேண்டும் ஒரு வீடாகவும் இருக்கிறது. வாகனமாக அது எண்ணப்படுகிறது. வீடாக அதை யாரும் எண்ணுவதில்லை.

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் காவல்துறை ஒருவழிப் போக்குவரத்து நடத்துகிறது. கல்லாறு தாண்டி ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வண்டி ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்புறத் தடம் வரை போய்த்தான் திரும்பியது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல் வெளிப்பக்கம் வீசுவதால், ஒருவழிப் பாதை என்றாலும் பின்னால் வந்த கார்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஏழு மீட்டருக்கே இந்தப் பாடு. கொடைக்கானல் மலைப்பாதையில் 12 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள வாகனங்களைத் தடுத்தது ஏன் என்பது எனக்கு அன்று விளங்கியது. 40 வளைவுகளுடன் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையையும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையையும் கேரவனில் நினைத்துப் பார்ப்பவர்கள், முதலில் ஒருமுறை பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

உதகையை அடையும்போது மாலை நான்கு மணி. மலர்க் கண்காட்சி நாள்கள். தாவரவியல் பூங்கா இருக்கும் திசையில் வண்டிகள் நகரவே இல்லை. நிறுத்தக் கேட்ட முதல் விடுதியில், அறை எடுக்காதவர்களுக்கு இடம் இல்லை என்றார்கள், நியாயம்தான். இரண்டாவது இடத்தில் உயரம் காரணமாக வாயில் வளைவுக்குள் வண்டி நுழையவில்லை. மூன்றாவது இடத்தில் சரிவான தரையில் நிறுத்தச் சொன்னார்கள். கேரவன் சமதளத்தில் நிற்காவிட்டால் உள்ளே படுப்பவர்கள் ஒரு பக்கமாக உருளுவது மட்டுமல்ல, கழிவுத் தொட்டியின் நீர் வடிகாலை எட்டாமல் தேங்கி நாற்றமும் எடுக்கும். சாலையோரத்தில் நிறுத்தியபோது ரோந்துக் காவலர் வந்து, தேயிலைத் தோட்டப் பக்கம் காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது, பெண்கள் குழந்தையுடன் இங்கே நிற்காதீர்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். இரவு பதினோரு மணிக்குக் கேத்தி அருகே ஒரு பெட்ரோல் பங்க்கில், விடியற்காலை ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்து நிறுத்தினோம். விடிய விடிய லாரிகளின் விளக்கு சன்னலில் அடித்தது. நீலகிரியில் நாங்கள் கழித்த கேரவன் இரவு அந்த ஒன்றுதான்.

காட்டுக்குள் ஒதுங்கி நிறுத்தலாமே என்று சில நண்பர்கள் பிறகு கேட்டார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். முதுமலை, பந்திப்பூர் வழிச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தே கிடையாது. சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை 2020-இல் உச்சநீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது கழிவுத் தொட்டியைப் பற்றி. கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் யாரும் இதைத் தொடுவதில்லை என்பதால், முகஞ்சுளிக்காமல் படிக்க வேண்டுகிறேன். கேரவனில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் 200 லிட்டர். அது 200 கிலோ எடை. தொட்டி பாதி காலியானால் வளைவுகளில் உள்ளே நீர் அலைமோதி வண்டியைத் தள்ளும். ஆளுக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தாலும் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர். இரண்டாம் நாள் மாலை தொட்டி தீர்ந்துவிடும். கோடையில் உள்ளூர் மக்களே குடத்துடன் காத்திருக்கும் ஊரில் நிரப்பித் தாருங்கள் என்று யாரிடம் கேட்பது? கழிவறைத் தொட்டியோ எண்பது லிட்டர்தான். புறப்பட்ட மறுநாள் இரவே அதன் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. ஓட்டுநர் என்னைத் தனியே அழைத்து, "ராத்திரியோட ராத்திரியா ஓடைப் பக்கம் போய்த் திறந்து விட்டுடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தொட்டியை எங்கே காலி செய்ய வேண்டும் என்று வண்டிக்காரர்கள் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் குன்னூர்ச் சரிவின் ஓடை நீர் கீழே பவானியில்தான் போய்ச் சேர்கிறது, அதைத்தான் சமவெளி ஊர்கள் குடிக்கின்றன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கோத்தகிரி வழியாக மலையிறங்கிவிட்டோம்.

எங்கள் பயணம் உருப்பட்டது மேட்டுப்பாளையத்தில்தான். முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால், ஒரு கல்யாண மண்டபத்தின் வளாகத்தில் வேப்பமர நிழலில் இரண்டு இரவுகள் நிறுத்திக்கொள்ளக் கட்டணம் பெற்று அனுமதித்தார்கள். சமதளம், தண்ணீர்க் குழாய், 16 ஆம்பியர் பிளக் எல்லாம் இருந்தன. கழிவுநீர் லாரியை வரவழைத்து எண்பது லிட்டரை எடுக்கச் சொன்னபோது, ஆயிரக்கணக்கில் லிட்டர் கொள்ளும் லாரிக்காரர் சிரித்துவிட்டு முழு நடைக்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார். காலை ஆறு மணி அரசுப் பேருந்தில் ஏறிக் குன்னூர் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவந்தோம். மூவாயிரம் ரூபாய்க்குக் கேரவனில் ஏறி வாந்தி எடுத்த பேத்தி, முப்பது நாற்பது ரூபாய்ப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள்.

ஆகவே சுற்றுலாத் துறைக்கும், மேட்டுப்பாளையம், வத்தலகுண்டு போன்ற மலையடிவார ஊர்களின் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒன்றை முன்வைக்கிறேன். கேரவன் நிறுத்தங்களை மலைமேல் அமைக்க வேண்டாம், அடிவாரத்தில் அமையுங்கள். அங்கே சமதளம் உண்டு, மலையேற அரசுப் பேருந்து உண்டு, நீலகிரிக்கு 46 கிலோமீட்டர் மலைரயிலும் உண்டு. முக்கியமாக, கழிவை வாங்கிக்கொள்ள இடம் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது: கோவை - மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. சென்னையிலிருந்து கிளம்பினால் செங்கல்பட்டு தாண்டியதும் கருங்குழியிலும் அப்படி ஒன்று உண்டு. வீட்டு செப்டிக் தொட்டிக் கழிவை லாரியில் வாங்கும் இந்த நிலையங்களில், கேரவன் குழாயைப் பொருத்தும் ஒரு வாயிலை அமைத்துக் கட்டணமும் வசூலிக்கலாம். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. நிற்க இடம், பிறகு வண்டி என்ற அந்த வரிசை சரியானது. ஆனால் அதையும் மலைமேலேயே வைத்தது எனக்கு ஒப்புதல் இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குளிர்ச்சிக்காக மலைக்குப் போகிறவன் மே மாதத்தில் மேட்டுப்பாளையத்து வெக்கையில் ஏன் தூங்க வேண்டும் என்று மகனே கேட்டான். உண்மைதான், வண்டிக்குள் ஏசி இல்லாமல் அங்கே படுக்க முடியாது. எங்கள் வண்டியின் மின்கலம் 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி, அதாவது முழுதாக ஏற்றினாலும் 2.4 யூனிட். சிறிய ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தேவை என்பதால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் போட்டால் அக்கம்பக்கம் தூங்காது. அதனால்தான் வெளி மின் இணைப்புள்ள நிறுத்தம் வேண்டும் என்கிறேன். குளிரிலேயே உறங்கியாக வேண்டும் என்பவர்கள் மலைமேல் விடுதி அறை எடுப்பதே முறை. அதற்குக் கேரவன் தேவையில்லை.

அதுவரை இந்தக் கோடைக்குத் திட்டமிடுகிறவர்கள், இரவு நிறுத்தும் இடத்தைத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு, வாயிலின் உயரத்தையும் தரையின் சமத்தையும் விசாரித்த பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டுகிறேன். பதிவுச் சான்றிதழையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். சாதாரண வேனுக்குள் கட்டில் போட்டு, அந்த மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதியாமல் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். மலையிறங்கும்போது இரண்டாவது கியரில் வரச் சொல்லி வளைவுதோறும் பலகை வைத்திருப்பது காருக்கு மட்டுமல்ல. பாரமான வண்டியைப் பிரேக்கை மிதித்தே இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கோத்தகிரிச் சாலையில் நாங்கள் இருமுறை நிறுத்தி ஆறவிட்டோம். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த ஆண்டு நாங்கள் மே மாதத்தைக் கைவிட்டு, கூட்டம் சற்றுக் குறையும் செப்டம்பரை எண்ணியிருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் அதே மண்டபத்துக்காரர் முகூர்த்தப் பட்டியலைப் பார்த்து மூன்று நாள் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மலைரயிலுக்கு 60 நாள்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும் என்பதால், அந்த நாளை மட்டும் நாள்காட்டியில் சுற்றி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.